பாம்புக்கு இருமத் தெரியாது: தோட்டப்புற வீட்டில் பாம்பு வளர்ப்பவர்களுக்கு

பாம்புக்கு இருமத் தெரியாது. நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. சளி கட்டினால் அதை இருமித் தள்ளுவதற்கு அந்தத் தசை உதவுகிறது. பாம்புக்கு அது கிடையாது. நுரையீரலில் சேர்ந்த சளி அங்கேயே தேங்கிக் கிடக்கும். நாய்க்குக் காய்ச்சல் வந்தால் சோர்ந்து சுருண்டு படுத்துக் கண்ணாலேயே சொல்லிவிடும். பாம்பு நன்றாக இருக்கும்போதும் சுருண்டுதான் படுத்திருக்கிறது.

என்னுடைய முதல் பால் பைத்தானை (ball python, பந்துபோலச் சுருளும் சிறிய மலைப்பாம்பு) இப்படித்தான் இழந்தேன். 2019 செப்டம்பர், புகைமூட்டம் கடுமையாக இருந்த சமயம். சன்னலைச் சாத்தி, பாம்புப் பெட்டியை என் அறையில் வைத்து, இரவெல்லாம் ஏர்கோன் போட்டுத் தூங்கினேன். நல்ல காற்று கொடுப்பதாகத்தான் நினைத்தேன். நடுராத்திரியில் பேனாவை அமுக்குவதுபோல மெல்லிய ‘டிக்’ சத்தம் கேட்கும். சட்டை உரிக்கப் போகிறது என்று விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் மூக்குத் துளையில் சோப்பு நுரை மாதிரி ஒரு குமிழி வந்து உடைந்தது. அன்றைக்குத்தான் மருத்துவரைத் தேட ஆரம்பித்தேன். முதலில் அழைத்த இரண்டு கிளினிக்கிலும் பாம்பு பார்ப்பதில்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் பார்த்தார்கள், ஆனால் நிமோனியா முற்றிவிட்டது. அதற்கு அப்போது நான்கு வயது. பால் பைத்தான் நன்றாக வளர்த்தால் 20 வருடத்துக்கு மேல் இருக்கக்கூடிய பாம்பு.

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் இருக்கும் நமக்குத் தூரம்தான் பெரிய எதிரி. நோயை முதல் வாரத்திலேயே பிடித்துவிட்டால் அந்தத் தூரத்தைச் சமாளிக்கலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாம்பு வரும் முன்னே

முதல் வேலை மருத்துவரைக் கண்டுபிடிப்பது. பாம்பு வாங்குவதற்கு முன்பே, வாங்கிவிட்டால் இந்த வாரமே. நாய், பூனை பார்க்கும் கிளினிக் எல்லாமே ஊர்வன பார்ப்பதில்லை. அதனால், “உங்களிடம் பாம்பு பார்க்கும் மருத்துவர் இருக்கிறாரா, எந்த நாள் வருவார், இரவில் அழைக்க எண் உண்டா” என்று மூன்றையும் கேளுங்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு ஈப்போதான் கிட்டம். அங்கே கிடைக்காவிட்டால் செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. ஏறக்குறைய 3 மணி நேரப் பயணம், அதனால் முன்கூட்டியே அழைத்து நேரம் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.

இரண்டாவது, உரிமம். மலைப்பாம்பு இனங்கள் எல்லாமே சைட்ஸ் என்ற அனைத்துலக வாணிப ஒப்பந்தப் பட்டியலில் இருக்கின்றன. நாட்டுக்குள் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716, பொருந்தும். கடைக்காரர் கொடுக்கும் ரசீது உரிமம் ஆகாது. உங்கள் பாம்புக்கு எது தேவை என்று வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடமே நேரடியாகக் கேளுங்கள். உடல்நலம் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். தாள் இல்லாத பாம்பை மருத்துவரிடம் கொண்டுபோகப் பயந்து, வீட்டிலேயே வைத்துச் சாகவிட்டவர்களை எனக்குத் தெரியும். செம்பனை வரப்பில் பிடித்த சாவாவை, அதாவது காட்டு மலைப்பாம்பை, கொண்டுவந்து வளர்ப்பதும் வேண்டாம். அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. உடம்புக்குள் புழுவும் செதிலுக்கடியில் உண்ணியுமாகத்தான் பெரும்பாலும் வரும். வீட்டுக்குள் வந்துவிட்டால் பொம்பாவையோ (தீயணைப்புப் படை) ஏபிஎம்மையோ (பொதுத் தற்காப்புப் படை) அழையுங்கள், பிடித்துப் போவார்கள்.

ஒரு பள்ளி நோட்டும் ஒரு தராசும்

சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்றும் 80 பக்க நோட்டு ஒன்றும் வாங்கி வையுங்கள். வேறெந்தச் சாமானையும்விட இவை இரண்டும்தான் என் பாம்புகளைக் காப்பாற்றி வருகின்றன. நோட்டில் எழுத வேண்டியவை: தேதி, எடை, என்ன தின்றது, தின்னாமல் விட்டதா, எச்சம் போட்டதா, சட்டை முழுசாக வந்ததா, பெட்டியின் சூடான பக்கத்திலும் குளிர்ந்த பக்கத்திலும் எத்தனை டிகிரி.

எடை ஏன் என்றால், பால் பைத்தான் காரணமே இல்லாமல் இரண்டு மூன்று மாதம் சாப்பிடாமல் இருக்கும். புதிதாக வளர்ப்பவர் பயந்துபோய் வாயைத் திறந்து எலியைத் திணிப்பார். அப்படிச் செய்யாதீர்கள். 1,400 கிராம் பாம்பு இரண்டு மாதப் பட்டினிக்குப் பிறகும் 1,360 கிராம் இருந்தால் அது சும்மா இருக்கிறது. 1,260க்கு இறங்கிவிட்டால், அதாவது பத்தில் ஒரு பங்கு போய்விட்டால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்து இந்த வித்தியாசத்தைச் சொல்ல என்னால் இன்றைக்கும் முடியாது. பலர் வளர்க்கும் இன்னொரு பாம்பான கார்ன் ஸ்னேக் அவ்வளவு நாள் பட்டினி கிடக்கும் சாதி அல்ல. அது தொடர்ந்து மூன்று நான்கு தடவை இரையை மறுத்தாலே கவனியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்

வாரம் ஒரு தடவை, இரை கொடுத்து குறைந்தது இரண்டு நாள் கழித்து, பாம்பைக் கையில் எடுத்து தலையிலிருந்து வால்வரை பாருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆரம்பியுங்கள்.

கண் இரண்டும் ஒரே மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நீலம் பூத்து மங்கினால் சட்டை உரிக்கும் காலம். ஒன்று மட்டும் மங்கினால் கோளாறு. மூக்குத் துளை காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். உதட்டோரத்தில் ஈரமோ உலர்ந்த பிசுக்கோ இருக்கக் கூடாது. வாய் முழுசாக மூடியிருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். ஈறு சிவந்திருந்தாலோ, பாலாடைக்கட்டி மாதிரி மஞ்சளாக ஏதாவது ஒட்டியிருந்தாலோ வாய்ப்புண். பாம்பின் சீழ் நம்முடையதைப்போல ஒழுகாது, கெட்டியாகத்தான் கட்டும். அதனால் உணவுத் துணுக்கு என்று நினைத்து ஏமாந்துவிடுகிறோம்.

பிறகு கையிலேயே நழுவி நகரவிடுங்கள். உடம்பு முறுக்கேறி, உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு நகர வேண்டும். நனைந்த கயிறு மாதிரித் தொங்கினால் நல்லதல்ல. தடவிக்கொண்டே போகும்போது திடீர் வீக்கம், கட்டி, முதுகெலும்பு துருத்தல் தட்டுப்படுகிறதா பாருங்கள். பாம்பைத் திருப்பி வயிற்றுச் செதிலைப் பாருங்கள், பெரும்பாலோர் விடும் இடம் இதுதான். கடைசியாக ஆசனவாய்: வீக்கமோ ஒட்டிய எச்சமோ இருக்கக் கூடாது. எச்சத்தோடு வரும் வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரியான கட்டிதான் அதன் சிறுநீர்க் கழிவு. அது கல்லாக இறுகி மஞ்சளாகிவிட்டால் உடம்பில் நீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

முடித்ததும் மறுபடியும் கையைக் கழுவுங்கள். ஊர்வன சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பாம்பைத் தொடவே வேண்டாம். பெட்டியையும் கிண்ணத்தையும் சமையலறைச் சிங்கில் கழுவாதீர்கள்.

நம் ஊர்ச் சூடும் ஈரமும்

இணையத்தில் படிக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே ஈரம் போதாதது கவலை. நமக்கு நேர்மாறு. மழைக்காலத்தில் மரத்தூள் மூன்றே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். அந்த ஈரத்திலேயே பாம்பு படுத்துக் கிடந்தால் வயிற்றுச் செதில் முதலில் வெளிர் சிவப்பாகும், பிறகு சிறு கொப்புளம், பிறகு பழுப்பாகப் புண். செதில் அழுகல் என்பது இதுதான். சிவப்பு நிலையிலேயே பிடித்தால் படுக்கையைத் தூக்கிப் போட்டு, வெறும் டிஷ்யூ தாள் விரித்து, நாள்தோறும் மாற்றி, பெட்டியில் கூடுதலாகக் காற்றுத் துளை போட்டாலே பெரும்பாலும் ஆறிவிடும். கொப்புளம் வந்துவிட்டால் மருத்துவர்.

சூட்டில் இரண்டு தப்பு நடக்கிறது. “இது சூடான நாடு, ஹீட் மேட் (பெட்டிக்குச் சூடு தரும் மின்விரிப்பு) எதற்கு” என்று ஏர்கோன் அறையில் வைப்பது ஒன்று. நான் செய்த தப்பு அதுதான். பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி வேண்டும். குளிர்ந்த பக்கம் 25, 26 போதும். அதன் உடம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது. வெளிச்சூடு குறைந்தால் செரிமானமும் குறையும், நோய் எதிர்ப்பும் குறையும். இன்னொரு தப்பு, ஹீட் மேட்டை நேரே பிளக்கில் சொருகிவிடுவது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத மேட் வயிற்றைச் சுட்டுவிடும். சுடுகிறது என்று விலகும் புத்தி பாம்புக்கு இருக்கும் என்று நம்பாதீர்கள், புண்ணாகும்வரை படுத்திருக்கும். பழைய லயன் வீட்டில் தகரக் கூரைக்கு நேர் கீழே பெட்டி வைத்தவர்கள் பிற்பகல் 2 மணிக்கு வெப்பமானியைப் பாருங்கள். 35 டிகிரியைத் தாண்டினால் அன்றே இடம் மாற்றுங்கள்.

சட்டை உரித்ததும் அதை எறியாமல் தண்ணீரில் நனைத்து விரித்துப் பாருங்கள். தலைப் பகுதியில் கான்டாக்ட் லென்ஸ் மாதிரி இரண்டு வட்டம் இருக்க வேண்டும். வால் நுனியும் வந்திருக்க வேண்டும். துண்டு துண்டாக வந்திருந்தால் 28, 30 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில், முதுகு வெளியே தெரியும் அளவுக்கு, அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து ஊறவிடுங்கள். பிறகு ஈரத் துண்டைச் சுற்றிப் பிடித்து அதனூடே நகரவிட்டால் தானே கழன்று வரும். வால் நுனியில் ஒட்டியது காய்ந்து இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும், அதை விட்டுவைக்கக் கூடாது. கண்ணில் ஒட்டியதை மட்டும் நகத்தாலோ இடுக்கியாலோ தொடாதீர்கள். அடுத்த உரிப்பிலும் வராவிட்டால் மருத்துவர் எடுக்கட்டும்.

தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வராத பாம்பு

போன வருடம் பக்கத்துத் தாமான் பையன் ஒருவன் தலையணை உறையில் கார்ன் ஸ்னேக்கைச் சுமந்துகொண்டு வந்தான்.

“அண்ணே, ரெண்டு நாளா தண்ணிய விட்டு வெளியவே வரமாட்டேங்குது. குளிக்கப் புடிச்சிருக்குன்னு நெனச்சேன்.”

“கிண்ணத்துத் தண்ணிய ஊத்திட்டியா தம்பி?”

“இல்லண்ணே, அப்படியேதான் இருக்கு.”

அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்பாகக் கிடந்தது. வெள்ளை டிஷ்யூவில் ஒற்றி எடுத்து நசுக்கினோம், சிவப்பாகத் தீற்றியது. பாம்பின் தாடைக்கு அடியில் உள்ள மடிப்பில் செதில்கள் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு கறுப்புப் புள்ளி. இதுதான் பொடி உண்ணி, கடைக்காரர்கள் மைட் என்பார்கள். இரத்தம் குடிக்கும். அதைத் தாங்காமல்தான் பாம்பு தண்ணீருக்குள் போய்க் கிடந்தது.

இந்த உண்ணியின் தந்திரம், முட்டையைப் பாம்பின் மேல் இடாமல் பெட்டியின் மூலையிலும் விரிசலிலும் இடுவது. நம் சூட்டில் முட்டையிலிருந்து முழு உண்ணியாக இரண்டு வாரம்கூட ஆகாது. பாம்பைக் குளிப்பாட்டி முடித்துவிட்டோம் என்று இருந்தால் அடுத்த படை வரும். செய்ய வேண்டிய வரிசை இது: படுக்கை, மரக்கட்டை எல்லாவற்றையும் பையில் கட்டி வெளியே போடுங்கள். பெட்டியைச் சுடுதண்ணீரில் மூலை முடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். உள்ளே டிஷ்யூ, கிண்ணம், அட்டைப் பெட்டி ஒளிவிடம், இவ்வளவுதான் இருக்க வேண்டும். மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், இனத்துக்கும் எடைக்கும் தக்கபடி அளவு மாறும். கழுவுவதையும் மருந்தையும் ஒரு மாதத்துக்குக் குறையாமல் வாராவாரம் திரும்பச் செய்யுங்கள். மண்ணெண்ணெய், நாய்ப் பேன் தூள், கொசு ஸ்பிரே எதுவும் வேண்டவே வேண்டாம். பூச்சி மருந்தில் இருக்கும் பைரித்ராய்டு பாம்பின் நரம்பைத் தாக்கும். புதுப் பாம்பு வாங்கினால் 90 நாள் வேறு அறையில் தனியே வையுங்கள், பழைய பாம்பைப் பார்த்துவிட்டுக் கடைசியாகப் புதுசைப் பாருங்கள்.

அந்தப் பையனின் பாம்பு ஆறு வாரத்தில் தேறியது. இப்போது அவன் நோட்டு என்னுடையதைவிடச் சுத்தமாக இருக்கிறது.

மூச்சு, வாந்தி, நடுக்கம்

சட்டை உரிப்பதற்கு முன் மூக்கில் லேசாக விசில் சத்தம் வருவது உண்டு. உரித்து முடித்ததும் நின்றுவிட வேண்டும். அந்தச் சத்தம் நிற்காமலிருப்பது, மூக்கில் குமிழி, வாயில் நூல்போன்ற எச்சில், வாயைத் திறந்து மூச்சு, தலையை மேலே தூக்கியே வைத்திருப்பது, இதில் எது வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை ஏர்கோனை நிறுத்தி, சூடான பக்கம் சரியான அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவர் ஊசி தரலாம். சில மருந்துகளை 72 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் போடுவார்கள். அதை வீட்டில் போடுவது எப்படி என்று அவர்களே கற்றுக்கொடுப்பார்கள். மூன்று ஊசியிலேயே சத்தம் நின்றுவிட்டாலும் சொன்ன எண்ணிக்கையை முடியுங்கள். மலைப்பாம்புகளில் நிடோ வைரஸ் என்ற கிருமியும் இதே அறிகுறிகளைக் காட்டும். மருந்துக்கு மசியாவிட்டால் சோதனை பற்றிக் கேளுங்கள்.

தின்றதைக் கக்கிவிட்டால் இரையை உடனே திரும்பக் கொடுக்கக் கூடாது. இரண்டு வாரம் வயிற்றுக்கு ஓய்வு, தண்ணீர் மட்டும். பிறகு வழக்கத்தில் பாதி அளவு இரை. காரணம் பெரும்பாலும் நாம்தான்: இரை உண்ட இரண்டு நாளுக்குள் தூக்கியது, சூடு போதாதது, உடம்பின் பருமனை மீறிய எலி. மறுபடியும் கக்கினால், அல்லது நடு உடம்பு வீங்கியே இருந்தால், எச்சத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

பாம்பு தலையைப் பின்னால் மடித்து வானத்தைப் பார்ப்பது, மல்லாக்கப் போட்டால் திரும்பத் தெரியாமல் கிடப்பது, தலை நடுங்குவது ஆகியவை நரம்புக் கோளாறு. போவாக்களிலும் மலைப்பாம்புகளிலும் ஐபிடி எனப்படும் வைரஸ் நோய் இப்படி வரும். 2012இல்தான் அதன் பின்னால் ரெப்டரீனா வைரஸ் இருப்பது தெரிய வந்தது. அதற்கு மருந்து இல்லை; மற்றப் பாம்புகளை அன்றே பிரித்துவிட வேண்டும். ஆனால் ‘ஸ்பைடர்’ வகைப் பால் பைத்தானுக்குப் பிறவியிலேயே தலை ஆட்டம் உண்டு. வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், என்னைக் கேட்டால் அந்த வகையை வாங்காமலிருப்பதே நல்லது.

ஆசனவாயிலிருந்து சிவப்பாகச் சதை வெளியே வந்து உள்ளே போகாவிட்டால் மணிக்கணக்கு முக்கியம். சுத்தமான தண்ணீரில் சர்க்கரையைக் கெட்டியாகக் கரைத்து, சுத்தத் துணியை நனைத்து அந்தச் சதையைக் காயவிடாமல் மூடிக்கொண்டு உடனே புறப்படுங்கள். விரலால் உள்ளே தள்ளாதீர்கள்.

தோட்டத்து எலி, கிண்ணத்துப் பால், கொசுப்புகை

உறைந்த எலி விலை ஏறிவிட்டது, செம்பனைத் தோட்டத்தில் எலிக்கா பஞ்சம் என்று சிலர் கேட்கிறார்கள். தோட்டத்தில் எலி மருந்து வைக்கிறார்கள். மருந்து தின்ற எலி உடனே சாகாது, சில நாள் நடமாடும். நீங்கள் பிடிப்பது அந்த எலியாக இருக்கலாம். அந்த மருந்து இரத்தத்தை உறையவிடாது, பாம்பின் உடம்புக்குள்ளும் அதே வேலையைச் செய்யும். புழுவும் வேறு. வளர்த்து உறையவைத்த எலியை வாங்கி, குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுதும் வைத்து, பிறகு சுடுதண்ணீரில் வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். உயிருள்ள எலி பாம்பின் முகத்தைக் கடித்துக் குதறிய காயத்தை ஒருமுறை பார்த்தவர் அதை மறுபடி உள்ளே விடமாட்டார்.

நம் வீட்டுப் பெரியவர்கள் அன்பாக ஒரு கிண்ணம் பால் கொண்டுவந்து வைப்பார்கள். புற்றுக்குப் பால் வார்த்து வளர்ந்த கைகள் அவை. கோபப்படாமல் எடுத்துச் சொல்லுங்கள்: பாம்பு பாலூட்டி அல்ல, பால் அதற்குச் செரிக்காது, வயிற்றோட்டம் ஆகும். கிண்ணத்தில் நல்ல தண்ணீரை அவர்கள் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள்.

டிங்கிக் கொசுவுக்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்றால் பாம்பை அன்று உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். முடியாவிட்டால் பெட்டியை உள்ளறையில் வைத்து, கதவிடுக்கில் ஈரத் துணியைத் திணித்து, புகை முழுதும் அடங்கியபின் தண்ணீரையும் படுக்கையையும் மாற்றுங்கள். நம் வீட்டில் மிஞ்சிய ஆண்டிபயாட்டிக், பெனடோல் எதையும் பாம்புக்குக் கொடுக்காதீர்கள்.

கொண்டுபோகும்போது

பாம்பைச் சுத்தமான தலையணை உறைக்குள் விட்டு, வாயைத் திருகிக் கட்டி, மூடியில் துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். விடியற்காலையில் புறப்படுங்கள். ஏர்கோன் காற்று நேரே பெட்டியில் படாமல் துண்டைப் போர்த்துங்கள். வழியில் பசியாற நிறுத்தினால் ஒருவர் காரிலேயே இருக்க வேண்டும், அல்லது பெட்டியைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கால் மணி நேரம் போதும் பாம்பு சாக. கைப்பேசியில் அந்த மூச்சுச் சத்தத்தையோ நடுக்கத்தையோ முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். மேசையில் வைத்ததும் பாம்பு அமைதியாகிவிடும், மருத்துவருக்கு ஒன்றும் தெரியாது. புதிய எச்சம் இருந்தால் சிறு டப்பாவில் அடைத்து எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டையும் மறக்காதீர்கள். “எப்போதிலிருந்து?” என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார்.